பரோட்டாவும் பருப்பும்

ஆசிரியருக்கு,

சத்தான உணவு எல்லாமே விலை அதிகம் என்று சொல்வது பாதி உண்மைதான். கால் கிலோ கொண்டைக்கடலை சுமார் 25 ரூபாய். இரவே ஊறவைத்தால் காலையில் இரு மடங்கு எடை. நாலு பேருக்குச் சுண்டல், ஆளுக்கு ஏறக்குறைய 12 கிராம் புரதம். அந்தக் காசுக்கு இரண்டு பரோட்டா கிடைப்பதே சிரமம். (ஊறவைக்க மறந்தால் கேஸ் செலவு ஏறும், கடலையும் வேகாது.)

உண்மையில் கையைக் கடிப்பது காய்கறியும் பழமும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. நாலு பேருக்கு 1.6 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,920 ரூபாய். கீரையிலும் முருங்கையிலும் கழிவு போக மிஞ்சுவது தனிக்கணக்கு.

ரேஷனில் அரிசி இலவசம். ஆனால் 30 ரூபாய்க்குத் தரும் துவரம்பருப்பு கார்டுக்கு ஒரு கிலோதான். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குத் தினம் 8 கிராம். சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்! அதை இரண்டு கிலோவாக்குங்கள், கூடவே பச்சைப்பயறு கொடுங்கள்.

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடுகிறது. கூலி வேலைக்குப் போகிறவர் கையில் காசு வருவதோ மாலையில். அந்த நேரத்தில் திறந்திருப்பது பரோட்டாக் கடை. பேருந்து நிலையங்களை ஒட்டிய சந்தைகளையாவது இரவு 8 மணி வரை நடத்தலாம்.

– வாசகர், மதுரை