மீன் ஈரல் எண்ணெய்க் குளிசை வேண்டாம், மகள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

சத்தி எடுப்பது குறைந்துவிட்டது என்றாய், பெரிய ஆறுதல். ஆனால் கர்ப்பகாலக் குளிசையோடு மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையும் போடுகிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. போனில் அவசரத்தில் சொன்னால் விளங்காது என்றுதான் எழுதுகிறேன்.

அந்த எண்ணெயில் விற்றமின் ஏ நிறைய உண்டு. அது லிப்போபிலிக் பொருள், அதாவது கொழுப்பை நாடிப் போய் அதில் கரைவது. விற்றமின் டி, ஈ, கே மூன்றும் அதே இனம். நம் வீட்டு நண்டுக்கறி வற்றும்போது மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்குமே, மிளகாய்த்தூளின் நிறம் அதில்தான் ஏறி நிற்கும். உறைப்பும் அப்படித்தான். வாய் எரியும்போது தண்ணீர் குடித்துச் சரிவராது, எருமைத் தயிர்தான் கேட்கும்.

மருந்து கொடுத்த காலத்தில் இந்தக் குணத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலோல் கொழுப்பை நாடுவதால் மூளைக்குள் லேசாகப் போய்விடும். சிலருக்குக் கெட்ட கனவு வரும். அதே வகை அட்டெனலோல் தண்ணீரோடு போவது, மூளைக்குள் அவ்வளவாக நுழையாது. ஒக்டனோல் என்ற எண்ணெய் போன்ற திரவத்தையும் தண்ணீரையும் சேர்த்துக் குலுக்கி, மருந்து எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று பார்த்துத்தான் இதை அளப்பார்கள். அந்த அளவுக்குப் பெயர் லொக் பி. அது 3 என்றால் தண்ணீர்ப் பக்கத்தைவிட ஒக்டனோல் பக்கம் 1000 மடங்கு.

உன் விஷயத்துக்கு வருகிறேன். விற்றமின் சி கூடினால் சிறுநீரோடு போய்விடும். ஏ அப்படிப் போகாது, ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். அளவு மீறினால் வயிற்றுப் பிள்ளையின் உறுப்புகள் உருவாவதையே பாதிக்கும், அதுவும் இந்த முதல் மாதங்களில். அதனால்தான் நீ இருக்கும் இங்கிலாந்தின் சுகாதார சேவையே கர்ப்பிணிகள் மீன் ஈரல் எண்ணெயும் ஈரல் கறியும் தவிர்க்க வேண்டும் என்கிறது.

கீரைக்குப் பயப்படாதே. முருங்கையிலை, பொன்னாங்காணியில் இருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு தேவைக்குத்தான் அதை விற்றமின் ஏ ஆக மாற்றும். தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணமாக ஆக்கு, அந்தக் கொழுப்போடுதான் அது நன்றாக உடம்பில் சேரும்.

மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையை இன்றைக்கே நிறுத்து. இதுவரை போட்டதை நினைத்துக் கலங்காமல், இரண்டு போத்தலையும் மருத்துவிச்சியிடம் கொண்டுபோய்க் காட்டு. ரெட்டினோல், அதாவது விற்றமின் ஏ, என்று எழுதியிருக்கும் வரியைப் படமெடுத்து எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா