வீடு திரும்பிய பிறகான சிறுநீரகக் கவனிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மாசடைந்த உணவால் குழந்தைகளுக்கு ஏற்படும் நோய்த்தொற்று பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, சரியாக வேகாத இறைச்சி, காய்ச்சாத பால் எனத் தொற்றின் வழிகளை நன்கு விளக்கியது. ஆனால், குழந்தை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதோடு அது முடிந்துவிட்டது. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை அதற்குப் பிறகான ஆண்டுகளைப் பற்றியும் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும்.

ஓ157 போன்ற சில ஈ.கோலை நுண்ணுயிரிகள் சுரக்கும் ஷிகா நச்சு, குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. இதனால், வயிற்றுப்போக்கு தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், சிவப்பணுக்கள் சிதைந்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து, சிறுநீரகம் செயலிழக்கும் ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம் என்ற நிலை சில குழந்தைகளுக்கு உண்டாகிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களே இதில் அதிகம். பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு டயாலிசிஸ் தேவைப்படுகிறது. பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினின் ரத்த அளவும் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது, குடும்பமும் நிம்மதியடைகிறது.

அந்த நிம்மதி முழுமையானது அன்று. அழிந்துபோன நெஃப்ரான்கள், அதாவது சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள், மீண்டும் வளர்வதில்லை. மிஞ்சியவையே அவற்றின் வேலையையும் சேர்த்துச் சுமப்பதால், கிரியேட்டினின் சரியாக இருக்கும்போதே அவை மெல்ல மெல்ல வடுப்படத் தொடங்கலாம். அதன் முதல் அடையாளம் சிறுநீரில் கசியும் புரதமாகவோ சற்றே உயர்ந்த ரத்த அழுத்தமாகவோதான் இருக்கும். இரண்டுமே வலி தராதவை என்பதால் தேடிப் பார்த்தாலொழியத் தெரியாது. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான ஒரு மதிப்பீடு, பிழைத்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இத்தகைய பின்விளைவு இருந்ததாகக் கூறியது. சிறுநீர் பிரியாமல் இருந்த நாள்களும் டயாலிசிஸ் செய்த நாள்களும் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடுகிறது.

ஜப்பானின் சக்காய் நகரில் 1996இல் பள்ளி மதிய உணவின் வழியே ஓ157 பரவி ஆயிரக்கணக்கான மாணவர்கள் நோயுற்றனர். அவர்களில் அப்போது முதல் வகுப்பில் படித்த சிறுமி ஒருவர், அந்நோய் விட்டுச்சென்ற உயர் ரத்த அழுத்தத்தின் விளைவாக மூளையில் ரத்தம் கசிந்து 2015இல் இறந்தார். இது அரிதான நிகழ்வுதான்; பெற்றோரை அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆனால், ஓராண்டு நன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு வேறெதைச் சான்றாகக் காட்டுவது?

ஆகவே, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்காவது ஆண்டுதோறும் சிறுநீர்ப் புரதமும் ரத்த அழுத்தமும் கிரியேட்டினினும் பார்க்கப்பட வேண்டும். டயாலிசிஸ் தேவைப்பட்ட குழந்தைகளுக்கு அதற்குப் பிறகும் இது தொடர வேண்டும். புரதக் கசிவை உரிய நேரத்தில் கண்டுவிட்டால், அதைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகள் உள்ளன. காய்ச்சலுக்கும் வலிக்கும் இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தாமாகவே கொடுக்கக் கூடாது என்பதையும் பெற்றோருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். குழந்தை வளர்ந்து வேறு மருத்துவரிடம் போகும்போது இந்தப் பழைய நோய் பெரும்பாலும் பேச்சில் வருவதே இல்லை என்பதால், மருத்துவமனை தரும் வெளியேற்றச் சீட்டிலேயே அடுத்த பரிசோதனைக்கான மாதமும் ஆண்டும் எழுதப்பட வேண்டும். ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் கைக்கேற்ற அளவுள்ள பட்டையால் அளந்து, அதன் வயதுக்கும் உயரத்துக்கும் உரிய அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். பெரியவர்களுக்கு இயல்பான அளவு ஐந்து வயதுக் குழந்தைக்கு மிக அதிகமாக இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்