உரிமத்தை யாரிடம் கேட்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மசாஜ் நிலையம் என்ற பெயரில் பாலியல் தொழிலுக்காக நடக்கும் ஆள்கடத்தலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் டெக்சஸில் உரிமம் பெற்று வேலை பார்க்கும் மசாஜ் தெரபிஸ்ட். தமிழில் இதைப் பற்றி எழுத யாரும் முன்வருவதில்லை, எழுதியதற்கு நன்றி. (கட்டுரையோடு போட்ட படத்துக்கு மட்டும் நன்றி சொல்ல மனம் வரவில்லை. மெழுகுவர்த்தி, மங்கலான வெளிச்சம், வெற்று முதுகு. எங்கள் தொழிலைப் பற்றி என்ன எழுதினாலும் அதே படம்தான் வருகிறது.)

மாநில அரசுகள் உரிம விதிகளை இன்னும் இறுக்க வேண்டும் என்று கட்டுரை முடிகிறது. விதியே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த விதி யார் கழுத்தை இறுக்குகிறது என்று கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். இன்றைக்கு மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் உள்ளே வேலை செய்யும் பெண்கள். கடையின் உண்மையான முதலாளி வேறு ஏதோ ஊரில் நிம்மதியாக இருக்கிறார்.

போலாரிஸ் என்ற தொண்டு நிறுவனம் 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, நாடு முழுவதும் இப்படிப்பட்ட கடைகள் 9,000-க்கு மேல் இருக்கும் என்றும், அவற்றின் ஆண்டு வருமானம் சுமார் 250 கோடி டாலர் என்றும் மதிப்பிட்டது. அங்கே சிக்கிக்கொள்பவர்களில் பலர் சீனாவிலிருந்தும் தென் கொரியாவிலிருந்தும் வந்தவர்கள், முப்பது வயதைத் தாண்டியவர்கள், ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களை யாரும் சங்கிலியால் கட்டி வைப்பதில்லை. பயணத்துக்கு வாங்கிய கடன் இருக்கிறது, அதன் மேல் வட்டி இருக்கிறது. கடையிலேயே படுத்துக்கொள்வதற்கும் காசு பிடிப்பார்கள். பல இடங்களில் சம்பளம் என்று ஒன்று கிடையாது, வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் மட்டும்தான். அக்கம்பக்கத்தில் யாரோடும் பழக்கம் ஏற்படுவதற்குள் வேறு ஊர்க் கடைக்கு மாற்றிவிடுவார்கள். கொத்தடிமை முறையைப் பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

போலீசிடம் போனால் உன்னைத்தான் பிடித்து நாடு கடத்துவார்கள் என்று முதலாளி மிரட்டுவார். கொடுமை என்னவென்றால், அந்த மிரட்டலில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் வாங்க அங்கே 1,000 மணி நேரப் பயிற்சி வேண்டும். உரிமம் இல்லாமல் மசாஜ் செய்தால் அது பெருங்குற்றம். கடன் தீராமல் கடைக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் பெண், 1,000 மணி நேரம் எந்த வகுப்பில் போய் உட்காருவாள்? நோயாளியைக் காப்பாற்ற எழுதிய சட்டம், மீட்கப்பட வேண்டியவளின் கையிலேயே விலங்கைப் பூட்டியது. ஆண்டுக்கணக்கில் கைதுகள் நடந்த பிறகு, 2021 ஏப்ரலில்தான் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் இத்தகைய வழக்குகளை இனி நடத்தமாட்டோம் என்று அறிவித்தது. மாநிலச் சட்டம் அப்படியேதான் இருந்தது.

அதிரடிச் சோதனைகளைக் கட்டுரை மிகவும் பாராட்டியிருந்தது. 2019 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஜூபிட்டர் நகரில் நடந்ததை அது தொடவே இல்லை. கடைக்குள் ரகசியக் கேமரா வைத்துப் படம் எடுத்தார்கள். ஆள்கடத்தல் கும்பலையே பிடித்துவிட்டதுபோல் பேட்டி கொடுத்தார்கள். சிக்கிய வாடிக்கையாளர்களில் பிரபலமான கோடீஸ்வரர் ஒருவர் இருந்ததால் ஊடகங்களும் விடவில்லை. இரண்டே மாதத்தில், அந்தக் கடை வழக்கில் ஆள்கடத்தலுக்கு ஆதாரம் இல்லை என்று அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வீடியோவைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. கோடீஸ்வரர் மேலிருந்த வழக்கு கைவிடப்பட்டது. கடையைச் சேர்ந்த பெண்களோ குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கினார்கள். உதவிக்கு வந்ததாகச் சொன்னவர்கள் கடைசியில் யாருக்கு உதவினார்கள்?

சரி, எங்கள் மாநிலத்துக்கு வருகிறேன். டெக்சஸில் உரிமம் வாங்க 500 மணி நேரப் பயிற்சி, தேர்வு, கைரேகை வைத்துக் குற்றப் பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. ஆள்கடத்தல் பற்றிய அறிவிப்புப் பலகையைக் கடையில் மாட்ட வேண்டும். இதில் எதுவும் எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. போனில் கூப்பிட்டு 'வேறு ஏதாவது உண்டா' என்று இழுப்பவர்களிடம் தைரியமாகப் பேச அந்த உரிமம்தான் எனக்குத் துணை. 2021-ல் பணம் கொடுத்து உடலை வாங்க முயல்வதையே பெருங்குற்றமாக்கிய முதல் மாநிலமும் டெக்சஸ்தான். அதையும் வரவேற்கிறேன்.

2023 செப்டம்பரில் இன்னொரு அதிகாரம் வந்தது. ஒரு மசாஜ் நிலையத்தில் ஆள்கடத்தல் நடப்பதாகக் காவல்துறை தகவல் கொடுத்தால், மாநில உரிமத் துறை அவசர உத்தரவு போட்டு அதை ஆறு மாதம் வரை மூடலாம். நல்ல ஆயுதம்தான். ஆனால் கதவில் உத்தரவை ஒட்டிய அன்றிரவு உள்ளே இருந்த பெண்கள் எங்கே படுப்பார்கள்? அவர்கள் மொழி பேசும் மொழிபெயர்ப்பாளரும், தங்க இடமும், இலவச வழக்கறிஞரும் கூடவே வராவிட்டால், வெளியே காரோடு காத்திருப்பது பழைய முதலாளியின் ஆள்தான். அடுத்த ஊரில் அடுத்த கடை. கடத்தப்பட்டவர்களுக்காகவே டி விசா என்று ஒன்று இருக்கிறது, ஆண்டுக்கு 5,000 பேர் வரை கொடுக்கலாம். ஆனால் பொதுவாக, விசாரணைக்கு ஒத்துழைத்தால்தான் அது கிடைக்கும். கைவிலங்கோடு அறிமுகமான போலீசோடு ஒத்துழைக்க யாருக்கு மனம் வரும்?

ஃபுளோரிடாவின் ஒரு விதி எனக்குப் பிடிக்கும்: நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை மசாஜ் நிலையம் நடத்தக்கூடாது, அதையே குடியிருப்பாகவும் வைத்துக்கொள்ளக்கூடாது. இது கடையை நடத்துபவருக்கான விதி. பெண்களை வேறொரு நெருக்கடியான வீட்டுக்கு மாற்றித் தப்பிப்பார்கள் என்பது தெரிந்ததே. ஆனாலும் கேள்வி சரியான ஆளிடம் போகிறது.

கலிபோர்னியாவின் கதை வேறு. அங்கே மாநில உரிமம் கிடையாது. விரும்பியவர்கள் ஒரு கவுன்சிலிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். 2008-ல் வந்த சட்டம், மசாஜ் கடைகளைக் கட்டுப்படுத்த முடியாதபடி நகராட்சிகளின் கையைக் கட்டிப் போட்டது. கடைகள் பெருகிவிட்டன என்ற புகாருக்குப் பிறகு, 2014-ல் இன்னொரு சட்டம் போட்டு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊருக்கு ஒரு விதி என்றால் இங்கே மூடிய கடை பக்கத்து ஊரில் திறக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது பினாமி விஷயம். கடை ஒருவர் பெயரில், நிறுவனம் இன்னொருவர் பெயரில், வங்கிக் கணக்கு மூன்றாமவர் பெயரில். நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்று மத்திய அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச்சில், உள்நாட்டில் பதிவான நிறுவனங்களுக்கு அது தேவையில்லை என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். தோளைப் பிடித்துவிட நான் கைரேகை கொடுத்திருக்கிறேன். பத்துக் கடையைப் பினாமி பெயரில் நடத்துபவர் வாஷிங்டனுக்குத் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை! மாநிலங்கள் செய்ய வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கடைக்கு உரிமம் கொடுக்கும்போதே உண்மையான முதலாளி, பணம் போகும் கணக்கு, வாடகை ஒப்பந்தம் மூன்றையும் கேளுங்கள். போலீசுக்கு முன்னால் தொழிலாளர் துறை ஆய்வாளரை அனுப்பிச் சம்பளக் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பளப் பட்டியலே இல்லாத கடையில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க ரகசியக் கேமரா வேண்டியதில்லை.

கடைசியாக, உங்கள் வாசகர்களுக்கு நேரடியாக ஒன்று. நம்மவர்களிலும் ஸ்ட்ரிப் மாலில் (சாலையோர வரிசைக் கடை வளாகத்தில்) முதலீடு செய்து கடைகளை வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். மாதம் பிறந்தால் வாடகை தவறாமல் வருகிறது, ஜன்னல் முழுவதும் மறைத்திருக்கிறது, பட்டப்பகலில் கதவைப் பூட்டி மணியடித்தால்தான் திறக்கிறார்கள் என்றால் தயவுசெய்து கேள்வி கேளுங்கள். இத்தகைய குற்றத்துக்கு இடத்தைப் பயன்படுத்தும் வாடகைதாரரை வெளியேற்ற, டெக்சஸில் 2017 முதல் சட்டமே இடம் கொடுக்கிறது. வெளியேற்றுவதற்கு முன், உள்ளே இருக்கும் பெண்களுக்காக ஆள்கடத்தல் உதவி மையத்துக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டெக்சஸ் வாசகி