46 டாலர் படிப்பு

சான் ஹோசே,
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மதினியின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு நான் மழுப்பிவிட்டேன். பவித்ரா பக்கத்திலேயே நின்றிருப்பாள், அவள் காதுபடச் சொல்ல மனசு வரவில்லை.

“உன்னை மாதிரியே என் பொண்ணும் அங்கே வந்து ரெண்டு வருஷம் டிசைன் படிச்சா போட்ட காசு தேறுமா?” என்று கேட்டீர்கள். எனக்குத் தேறியது. அவளுக்குத் தேறாது. அப்பாவின் பேரேட்டில் எழுதுகிற மாதிரி கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது கம்யூனிட்டி காலேஜில். கலிபோர்னியாவில் அது இரண்டு வருஷப் படிப்புக்காக அரசு நடத்துவது. மாநிலத்தில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. பாடங்களை யூனிட் யூனிட்டாக அளந்து காசு வாங்குவார்கள்; இங்கேயே குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012லிருந்து அதே விலை. இந்த இரண்டு வருஷ டிகிரிக்கு 60 யூனிட், ஆக 2,760 டாலர். நம் காசுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். புத்தகம், சாஃப்ட்வேர் சந்தா, பிரிண்ட் எடுக்கிற செலவு தனி. நான் வந்தவுடன் சேரவில்லை. ஒரு வருஷம் இங்கே குடியிருந்த பிறகுதான் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும் என்று காத்திருந்தேன். 2020இல் சேர்ந்து, முதல் வருஷம் முழுக்கச் சமையலறை மேசையில் ஆன்லைனில் படித்து, 2023இல் முடித்தேன்.

அந்தக் காலத்தில் எனக்கு வேலைக்குப் போகவே அனுமதி கிடையாது. வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குக் கொடுக்கிற எச்-4 விசா. என் வீட்டுக்காரரின் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு ஒப்புதலான பிறகுதான் எனக்கு வேலை அனுமதிக்கே விண்ணப்பிக்க முடிந்தது. அதனால் படிக்கப் போனதால் இழந்த சம்பளம் என்று ஒன்று இல்லை. வாடகையும் அவர் சம்பளத்தில் ஓடியது. என் கணக்கு தேறியதற்குப் பாதிக் காரணம் இது. ஊரில் யாரும் இதைக் கேட்பதில்லை, “பிள்ளை அமெரிக்காவிலே படிச்சுது” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வேலை தேடும்போதுதான் உறைத்தது. டிசைனர் விளம்பரங்களில் முக்கால்வாசி நாலு வருஷ டிகிரி கேட்டன. நாற்பது இடத்துக்கு மேல் அனுப்பினேன். கடைசியில் பேனரும் போர்டும் அடிக்கிற ஒரு சின்னக் கடையில் கூப்பிட்டார்கள். முதலாளி மேசையில் ஒரு ரெஸ்டாரண்ட் மெனுவின் ப்ரூஃபைப் போட்டு, என்ன தோன்றுகிறது என்றார். விலை எழுத்துகள் பொடிப்பொடியாக, நாலு கலரும் கலந்த கறுப்பில் இருந்தன. “கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிற ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தில் நிழல் தட்டும், இதைத் தனிக் கறுப்பில் வையுங்கள்” என்றேன். மனுஷர் என் போர்ட்ஃபோலியோவை அதற்கப்புறம்தான் திறந்தார். அது எந்த வகுப்பில் படித்தது? நம் பிரஸ்ஸில், லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு அப்பா மிஷின்காரரைத் திட்டும்போது பக்கத்தில் நின்று படித்தது!

படிப்பு வீண் என்று சொல்லவில்லை. எழுத்துக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது, பத்துப் பேர் முன்னால் நம் வேலையைக் கிழித்துப் போட்டாலும் அழாமல் திருத்துவது, இதெல்லாம் அங்கே வந்ததுதான். ஆனால் மணிக்கு 23 டாலரில் ஆரம்பித்தேன். 2024 ஏப்ரலில் இங்கே பெரிய பர்கர் கடைகளில் வேலைக்காரர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியே 20 டாலர் ஆனது. மூன்று டாலர் வித்தியாசம். வருஷத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் என்று வையுங்கள். 2,760 போட்ட எனக்கு அரை வருஷத்தில் திரும்பிவிட்டது.

பவித்ராவுக்கு வருவோம். அவள் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வந்தால் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் 46 டாலருக்கு மேல் யூனிட்டுக்கு இன்னும் 300 டாலருக்குக் குறையாமல் கட்டவேண்டும். ஃபீஸ் மட்டும் 20,000 டாலரைத் தாண்டும். எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு பையன் ஒற்றை அறைக்கு மாதம் 1,200 கொடுக்கிறான்; அதை இருபத்துநாலு மாதத்தால் பெருக்கிப் பாருங்கள். படிக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை, அதுவும் கிடைத்தால். முடித்த பிறகு ஓபிடி என்று 12 மாதம் வேலை செய்யலாம். கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற இரண்டு வருஷ நீட்டிப்பு இந்த இரண்டு வருஷ டிகிரிக்குக் கிடையாது. அந்த ஒரு வருஷத்தில் எவ்வளவு சேர்ப்பாள்?

பிரஸ்ஸின் பேரில் கடன் வாங்குவதாக மதினி சொன்னார்கள். வேண்டாம் அண்ணே. எழும்பூர் கவின்கலைக் கல்லூரிக்கோ அகமதாபாத்தில் இருக்கிற தேசிய டிசைன் கல்லூரியான என்.ஐ.டி.க்கோ அவள் எழுதட்டும். டிகிரியோடு, கையில் நல்ல வேலைகளோடு மேற்படிப்புக்கு இங்கே வந்தால் என் வீட்டிலேயே தங்கிக்கொள்ளட்டும்.

அவள் முகம் வாடும். அத்தைதான் கெடுத்தாள் என்று என் தலையில் போடுங்கள், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளையே எனக்குப் போன் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வருமே, அதில் ஒன்றை எடுத்து வையுங்கள். அட்டை அவள் போட்டது என்றீர்களே, லென்ஸ் வைத்துப் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் தங்கை