பழைய தாரில் எண்ணெய் ஊற்றும் முன்: சாலைத் தரவிதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சாலைக் கலவைகளுக்குத் தரவிதி எழுதும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

சாலையிலிருந்து சுரண்டி எடுத்த பழைய தார்க்கலவையைப் புதுச் சாலையில் மறுபடி சேர்க்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஜல்லியும் மிச்சம், தாரும் மிச்சம். இறுகிப்போன அந்தத் தாரை மீட்க, பொரித்து முடித்த சமையல் எண்ணெயையும் வண்டிகளில் வடித்த எஞ்சின் ஆயிலையும் பயன்படுத்தும் யோசனையும் நல்லதுதான். ஆனால் எந்த எண்ணெயை, என்னென்ன சோதனைக்குப் பிறகு சேர்க்கலாம் என்பதில் உங்கள் விதிகள் கறாராக இருக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

தார் இறுகும் விதம் நீங்கள் அறிந்ததுதான். கலவை நிலையத்தில் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஜல்லியின் மேல் மெல்லிய படலமாகப் பரவும்போதே ஆக்சிஜன் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அப்புறம் வருடக்கணக்கில் வெயிலும் காற்றும். தாரை இளக்கமாக வைக்கும் அரோமேட்டிக் பகுதி குறைகிறது, விறைப்பாக்கும் அஸ்ஃபால்டீன் கூடுகிறது. 25 டிகிரியில் 100 கிராம் எடையோடு 5 விநாடி இறக்கும் சோதனை ஊசி, புதுத் தாரில் 6, 7 மில்லிமீட்டர் இறங்கும் என்றால், நன்றாக முதிர்ந்த தாரில் 2 மில்லிமீட்டரைத் தாண்டுவதே பெரும்பாடு.

எண்ணெய் சேர்த்ததும் அதே ஊசி மறுபடி சரசரவென்று இறங்கும். ஏமாந்துபோவது இங்கேதான். டீசலை ஊற்றினாலும் ஊசி இறங்கத்தான் செய்யும். தாரை இளக்குவது வேறு, புதுப்பிப்பது வேறு. அஸ்ஃபால்டீன் ஒன்றோடொன்று திரளாமல் பரவி நிற்க அரோமேட்டிக்கும், தாரின் இன்னொரு கூறான ரெசினும் வேண்டும். எஞ்சின் ஆயிலிலோ பெரும்பகுதி மெழுகு இனமான பாரஃபின் வகை. அது அளவு மீறினால் அஸ்ஃபால்டீன் பிரிந்து திரளும், குளிர்காலத்தில் தார் விறைத்து வெடிக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் காலத்துக்கு முன்பே வெடிப்பு விட்ட சாலைகளின் தாரை எக்ஸ்ரே கருவியில் ஆராய்ந்தபோது துத்தநாகம் தென்பட்டது. எஞ்சின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் பொருளில் இருப்பது அது. எண்ணெய் கலந்ததை அதுதான் காட்டிக்கொடுத்தது.

சமையல் எண்ணெயின் சிக்கல் வேறு மாதிரி. கொஞ்சம் சேர்த்தாலே தார் நன்றாக இளகிவிடும். ஆனால் பலமுறை பொரித்த எண்ணெயில் தண்ணீர், உப்பு, கருகிய துகள் எல்லாம் இருக்கும். கொழுப்பு அமிலமும் பிரிந்து சேர்ந்திருக்கும். அமிலம் கூடினால் ஜல்லியோடு தாரின் பிடிப்பு தளரும், மழைநீர் நடுவே புகுந்து ஜல்லியைப் பெயர்க்கும். ஆகவே வடிகட்டி, ஈரம் போக்கி, அமில அளவைக் குறைத்த பிறகே அதைக் கலவை நிலையத்துக்குள் விட வேண்டும். இந்த எண்ணெய்களை ஒரே தலைப்பின் கீழ் 'கழிவு எண்ணெய்' என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். எண்ணெய் சேர்த்த தாரை அப்படியே சோதித்தால் போதாது. அதை மறுபடி முதிரவைத்துப் பாருங்கள். கலவை நிலையச் சூட்டுக்கு ஈடாக 163 டிகிரியில் 85 நிமிடம் சுழல் அடுப்பு, பிறகு சாலையில் வருடக்கணக்கில் முதிர்வதற்கு ஈடாக அழுத்தக் கலனில் 20 மணி நேரம், முடிந்தால் 40 மணி நேரம். முதல் நாள் மென்மையாக இருந்துவிட்டு அதன் பிறகு வேகமாக இறுகும் எண்ணெய் எது என்பது அப்போதுதான் தெரியும். கலவை அளவில், சக்கரம் ஓடி எவ்வளவு பள்ளம் விழுகிறது என்று பார்க்கும் சக்கரத் தடச் சோதனையும், நீரில் ஊறிய பின் இழுவலிமைச் சோதனையும் கட்டாயமாக வேண்டும். பழைய தாருக்குள் எண்ணெய் ஊடுருவ நேரமும் சூடும் தேவை. அவசரமாகக் கலந்தால் வெளிப்படலம் மட்டும் குழைந்து, உள்ளே பழைய இறுக்கம் அப்படியே இருக்கும். எனவே கலக்கும் நேரத்துக்கும் விதியில் ஓர் எண் எழுதுங்கள்.

பயன்படுத்திய எஞ்சின் ஆயிலில் உலோகத் துகள்களும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பலவளைய அரோமேட்டிக் சேர்மங்களும் இருக்கும். சூடான கலவையிலிருந்து கிளம்பும் ஆவியை முதலில் சுவாசிப்பவர், கலவையைச் சாலையில் விரிக்கும் பேவர் இயந்திரத்தின் பின்னால் மண்வாரியோடு நிற்கும் தொழிலாளி. அவர் மூக்கருகே காற்று மாதிரி எடுத்து அளந்த முடிவைப் பார்க்காமல் எந்த எண்ணெய்க்கும் அனுமதி தராதீர்கள்.

அன்புடன்,
சாலைப் பொருட்களோடு வேலை செய்யும் ஒருவர்