தாய்மாவோடு ஒரு சீட்டும் கைமாறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாவைப் புளிக்க வைப்பதற்காக எடுத்துவைக்கும் புளித்த மாவான தாய்மாவை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிச் சுடும் இனிப்பு ரொட்டியைப் பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதன் செய்முறை தெளிவாக இருந்தது. ஆனால் பல ஆண்டுகளாக இந்த ரொட்டியைச் சுட்டும் தாய்மாவைப் பகிர்ந்தும் வருபவள் என்ற முறையில், அதில் விடுபட்டிருந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. தாய்மாவைக் கொடுப்பவர் அதில் என்ன இருக்கிறது, எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது அதற்கு மாவு ஊட்டப்பட்டது என்பவற்றை ஒரு சீட்டில் எழுதி உடன் கொடுக்க வேண்டும்.

இந்த ரொட்டி அமெரிக்காவில் 'ஆமிஷ் நட்பு ரொட்டி' என்ற பெயரிலும், ஜெர்மனியில் 'ஹெர்மன்' என்ற பெயரிலும் வீடு வீடாகப் பரவியது. வழக்கமான முறையில், கைக்கு வந்த ஒரு கோப்பைத் தாய்மாவை நாள்தோறும் கிளறிவிட்டு, 6ஆம் நாளிலும் 10ஆம் நாளிலும் மாவு, சர்க்கரை, பால் மூன்றிலும் தலா ஒரு கோப்பை சேர்க்க வேண்டும். 10ஆம் நாளில் மூன்று கோப்பைகளை மூவருக்குக் கொடுத்து, ஒன்றைத் தனக்கென்று எடுத்துவைத்து, எஞ்சியதில் ரொட்டி சுட வேண்டும். எல்லாரும் இதைத் தவறாமல் செய்தால் ஒரு கோப்பை 10 நாளில் நான்காகும், 30 நாளில் 64 ஆகும், 60 நாளில் 4,096 ஆகும். அத்தனை பேருக்கு எங்கே போவது? சில வாரங்களிலேயே வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போகிறது. வாங்கியவர்களும் மறுக்கத் தயங்கி வாங்கி, மறைவாகக் கொட்டிவிட்டு, அதற்காக மனம் குறுகுகிறார்கள். மூவருக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்ற விதியை அச்சிடும்போது, விருப்பமுள்ள ஒருவருக்குக் கொடுத்தாலும் போதும், ஒருவருக்கும் கொடுக்காமல் குறைந்த அளவில் ஊட்டி வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை என்பதையும் சேர்த்து அச்சிடுவது நல்லது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் தாய்மாவு செத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது சாவதில்லை, குளிரில் அதன் வேகம் குறைகிறது, அவ்வளவுதான்.

இனி, ரொட்டி உப்பவில்லை என்ற குறை. என்னிடம் தாய்மாவு வாங்கியவர்களுள் பாதிப் பேராவது இதைச் சொல்லியிருக்கிறார்கள். தாய்மாவில் ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்து வாழ்கின்றன. ஈஸ்ட் கரியமில வாயுவைத் தந்து மாவைப் பொங்க வைக்கிறது. பாக்டீரியா அமிலத்தைத் தந்து புளிப்பையும் மணத்தையும் கொடுப்பதோடு, கேடு செய்யும் பல நுண்ணுயிர்கள் வளர முடியாதபடியும் பார்த்துக்கொள்கிறது. சிறிதளவு சர்க்கரை ஈஸ்ட்டுக்கு நல்ல உணவு. ஆனால் மாவுக்குச் சமமாகச் சர்க்கரையைக் கொட்டும்போது, அது ஈஸ்ட் செல்களிலிருந்து நீரை இழுத்து அவற்றைத் தளர்த்திவிடுகிறது. இப்படி இனிப்பில் ஊறிய தாய்மாவுக்குத் தனியாக ரொட்டியைத் தூக்கி நிறுத்தும் வலு பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால்தான் செய்முறையில் பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் இடம்பெறுகின்றன. மாவில் ஏற்கெனவே உள்ள அமிலத்தோடு சோடா கலந்ததும் வாயு கிளம்பி ரொட்டியை உப்ப வைக்கிறது; தாய்மாவின் பங்கு முதன்மையாகச் சுவையே. இது தெரியாமல், 'இயற்கையாகவே புளித்த மாவு இருக்கும்போது சோடா எதற்கு' என்று அதை விட்டுவிடுபவர்களின் ரொட்டிதான் கல்லாகிவிடுகிறது.

தாய்மாவை மட்டும் நம்பி இனிப்பு ரொட்டி சுட முடியாது என்று நான் சொல்லவில்லை. இத்தாலியின் பானெட்டோனே அப்படிச் சுடப்படுவதே. வெண்ணெய் 16 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், புளித்த தாய்மாவால் பொங்கியதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அந்நாட்டு அரசு 2005ஆம் ஆண்டின் ஆணையில் வரையறுத்திருக்கிறது. ஆனால் அங்கே தாய்மாவுக்குப் பாலோ சர்க்கரையோ குவிப்பதில்லை. மாவையும் தண்ணீரையும் மட்டும் ஊட்டி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, அதற்கு வலுவேற்றிய பிறகே சர்க்கரை, வெண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு ஆகிய சுமைகளைப் பிசையும்போது சேர்க்கிறார்கள். ஆகவே கைக்கு வந்திருப்பது சர்க்கரை ஊட்டிய தாய்மாவா, தண்ணீரும் மாவும் மட்டும் ஊட்டியதா என்று தெரியாமல் எந்தச் செய்முறையையும் பின்பற்ற முடியாது. பார்வைக்கு இரண்டும் குமிழியிட்ட வெண்ணிறக் கூழாகவே தெரியும்.

சீட்டு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. ஒருமுறை அன்பு மிகுதியால் நான் கொடுத்த தாய்மாவில் பால் இருப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். வாங்கிய வீட்டில் பால் ஒவ்வாத குழந்தை இருந்தது. சுடுவதற்கு முன் அந்தத் தாய் தொலைபேசியில் கேட்டதால் தீங்கு நேரவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை உலுக்குகிறது. கோதுமை ஒவ்வாதவர்களுக்கும் இதே எச்சரிக்கை தேவை. மாவு புளித்துவிட்டதால் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் போய்விடும் என்று நம்புவது ஆபத்தானது. மற்றொருமுறை எனக்கே ஒரு கண்ணாடிச் சாடியில் இறுக மூடித் தாய்மாவு வந்தது. தேதியோ குறிப்போ இல்லை. இரவில் வாயு சேர்ந்து மூடி தெறித்தது. சாடியே உடைந்திருக்கக்கூடும். மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அது நேர்ந்திருக்காது.

பச்சை மாவைச் சுவைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். 2016இல் அமெரிக்காவில் கோதுமை மாவின் வழியாக ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் தொற்று பரவிப் பலர் நோயுற்றனர். மாவு பார்வைக்குத் தூய்மையாக இருந்தாலும் அது கிருமி நீக்கப்படாத பச்சைப் பொருளே. புளிப்பை மட்டும் நம்பாமல் நன்றாக வேகும்வரை சுட வேண்டும். மேலே தெளிந்த நீர் மிதந்தால் கலக்கிவிட்டு ஊட்டலாம். இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சு நிறமாகவோ கோடு தெரிந்தாலும், பூஞ்சை படர்ந்திருந்தாலும், மேற்பகுதியை மட்டும் வழித்துவிட்டு வைத்துக்கொள்ளாமல் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். எத்தனை கைகள் மாறி வந்த தாய்மாவாக இருந்தாலும் இதில் இரக்கம் காட்டக் கூடாது.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவரும்போது, வாசகர்கள் வெட்டியெடுத்துச் சாடியில் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு சிறு கட்டத்தை அதனுடன் அச்சிட வேண்டுகிறேன். தொடங்கிய நாள், கடைசியாக ஊட்டிய நாள், எந்த மாவு, பால் உண்டா, சர்க்கரை உண்டா என்று ஐந்து வரிகள் போதும். தங்கள் ஓவியர் அதை அழகாக வரைந்து தருவார் என்று நம்புகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி