ரஸ்தாளிக் கிழங்கை வெட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ரஸ்தாளி வாடல் நோய் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மருந்துகளைப் பற்றி விலாவாரியாக எழுதியவர், நோய் தோப்புக்குள் எப்படி நுழைகிறது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டார். கூடவே ஒரு மஞ்சள் இலைப் படம். அந்த மஞ்சளில்தான் நான் ஏமாந்தேன்.

குளித்தலைப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் வாழை. நட்ட ஐந்தாம் மாதம் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளடித்தன. சாம்பல் சத்துக் குறைவு என்று நினைத்துப் பொட்டாஷ் வைத்தேன். உரக்கடையிலும் அதையேதான் சொன்னார்கள். இருபது நாளில் இலைக்காம்புகள் ஒடிந்து, மரத்துக்குப் பாவாடை கட்டிவிட்டதுபோல் சுற்றிலும் தொங்கின. அடித்தண்டு நெடுக வெடித்தது. அப்புறம்தான் ஒரு மரத்தைச் சாய்த்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிலை எச்சில் தெறித்த மாதிரி செம்பழுப்புப் புள்ளிகள்.

ஃபுசேரியம் என்ற பூஞ்சையின் வேலை இது. வேர் வழியே ஏறி, தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். வாழையே இல்லாவிட்டாலும் மண்ணில் 20, 30 ஆண்டுகள் கிடக்கும். இலையில் மருந்தடித்து என்ன பயன்? உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழை ரகமே இதனால்தான் 1960-களுக்குள் ஏற்றுமதித் தோட்டங்களை விட்டுப் போனது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் ரகத்தையும் விடாத டி.ஆர்.4 என்ற இதே பூஞ்சையின் புது வகை பீகார் வரை வந்துவிட்டது. நம் ரஸ்தாளியைச் சாய்க்கப் பழைய வகையே போதும்.

எனக்கு அது கன்றோடு வந்தது. பக்கத்து ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று, தாய்மரத்தைப் பார்க்காமலே வாங்கிவிட்டேன். பிறகு போய்ப் பார்த்தால் அங்கேயும் பாதித் தோப்பு பாவாடை கட்டி நிற்கிறது. ஆய்வகத்தில் உருவாக்கும் திசு வளர்ப்புக் கன்று வைத்தால் கவலையில்லை என்கிறார்கள். கன்று சுத்தம், சரி. மண்? வாய்க்கால் தண்ணீரும் அடுத்த தோப்பில் உழுத டிராக்டர் சக்கரமும் கொண்டுவந்து சேர்த்துவிடுமே.

இப்போது அந்த நிலத்தில் நெல். சேற்றில் நீர் கட்டி நின்றால் பூஞ்சை குறையும். பிறகு பூவன் போடலாம் என்றிருக்கிறேன். இந்த வாடலை அது ஓரளவு தாங்கும். ரஸ்தாளித் தாருக்குக் கிடைக்கும் விலையை நினைத்தால் மனசு ஒப்பவில்லைதான்.

அடுத்த முறை வாடல் பற்றி எழுதும்போது, வெட்டிய கிழங்கின் படத்தைப் போடுங்கள். கருப்பு வெள்ளையில் வேண்டாம், வண்ணத்தில்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
குளித்தலை